மடி இருக்கும்போது சீட் எதற்கு?

போன இதழில், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும் கார்களின் முன்சீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்து டாஷ்போர்டைத் தட்டிக்கொண்டு வரும் குழந்தைகளைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த வயதுப் பிள்ளைக்குச் சரியான இடம் பின்சீட்டில், பின்பக்கம் பார்த்து மாட்டிய கார் சீட்தான் என்று முடித்திருந்தேன். பாதிப் பேர் கேள்வி கேட்டு எழுதியிருக்கிறார்கள், மீதிப் பேர் திட்டி எழுதியிருக்கிறார்கள், திட்டியவர்களும் கேள்வியாகவே திட்டியிருப்பதால் இந்த முறை பக்கம் முழுக்க இதே விஷயம்தான். டிராக்டர் இன்சூரன்ஸ் பற்றிக் கேட்ட பாலக்கோட்டுக்காரர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

எனக்குப் பத்து மாதத்தில் பெண் குழந்தை. கார் சீட் வாங்கலாம் என்றால் மாமியார், "பெத்தவ மடியை விடப் பத்திரமான இடம் எது? நாங்க அஞ்சு பிள்ளைங்கள எந்தச் சீட்டுல வெச்சு வளர்த்தோம்?" என்கிறார். கணவரும் அவர் பக்கம். என்ன பதில் சொல்ல?
— வாசகி, காவேரிப்பட்டணம்

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் காவேரிப்பட்டணத்திலிருந்து தர்மபுரிக்கு டவுன் பஸ்ஸில் போயிருப்பார். இன்றைக்கு நீங்கள் போவது நாற்கரச் சாலையில், பக்கத்தில் பெங்களூர் லாரி, உங்கள் கணவர் 90-ல். மடி அதே மடிதான், வேகம்தான் வேறு.

கணக்கைக் கணவரிடம் சொல்லுங்கள். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். அது எதன் மேலாவது மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்தத் தேவைப்படும் பிடி ஏறக்குறைய 140 கிலோ எடைக்குச் சமம். மூன்று சிமென்ட் மூட்டையை, மோதப்போகிறது என்று தெரியாத ஒரு கணத்தில், இரண்டு கையால் நிறுத்தவேண்டும். எந்தத் தாயாலும் முடியாது, பாசத்தில் குறை இருப்பதால் அல்ல. இதுவும் 50-ல்தான், 90-க்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா சீட் பெல்ட் போடவில்லை என்றால் இன்னும் மோசம். அவரும் முன்னால் பாய்வார், அவருக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் குழந்தை இருக்கும். ஒரே பெல்ட்டை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறோம் என்று இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், அதில் அம்மாவின் மொத்த எடையும் பெல்ட்டும் குழந்தையின் வயிற்றை நசுக்கும்.

இவ்வளவு சொல்லியும் கணவர் அசையவில்லை என்றால் சட்டத்தைச் சொல்லுங்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள்: 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை பெல்ட்டோ குழந்தைக்கான சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஓட்டுகிறவருக்கு 1000 ரூபாய் அபராதம். நம் பக்கம் இதற்காக யாரையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. இருந்தாலும் சில ஆண்களுக்கு 140 கிலோவை விட 1000 ரூபாய் சீக்கிரம் புரியும்.

சீட் வேண்டும், சரி. ஆனால் ஏன் பின்பக்கம் பார்த்து? பிள்ளைக்கு ரோடு தெரிய வேண்டாமா? எங்கள் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.
— வாசகர், பர்கூர்

ரோட்டைப் பார்க்க அவனுக்கு இன்னும் வயசு இருக்கிறது, பாஸ்.

பிறந்த குழந்தையைப் பாருங்கள், உடம்பு நீளத்தில் கால் பங்கு தலைதான். நமக்கு அது ஏழில் எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்து எலும்புகள் அந்த வயதில் முழு எலும்பாகவே ஆகியிருக்காது. துண்டு துண்டாக, இடையில் குருத்தெலும்பாக இருக்கும், அவற்றைக் கட்டியிருக்கும் நார்களும் இழுத்தால் நீளும். எலும்புத் தொடர் நீளும் அளவுக்கு உள்ளே இருக்கும் தண்டுவடம் நீளாது. ஆபத்து அங்கேதான்.

முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த குழந்தை, நேருக்கு நேர் மோதலில் என்ன ஆகும்? தோளையும் இடுப்பையும் பட்டை பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை, அது முன்னால் பாயும், அந்த இழுப்பு முழுவதும் கழுத்தில் விழும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேரத்தில் சீட்டின் கெட்டியான பிளாஸ்டிக் ஓட்டுக்குள் அமுங்கும். அதே மோதல்தான், ஆனால் அடி முதுகு முழுவதும் பரவிப் போகிறது, கழுத்து தனியாக இழுபடுவதில்லை.

இந்த யோசனை எங்கே வந்தது தெரியுமா? 1960-களில் ஸ்வீடனில் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவர், அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் போகிறவர்கள் கிளம்பும் நேரத்தில் முதுகைச் சாய்த்துப் படுத்திருப்பதைப் பார்த்தார். அவ்வளவு பெரிய விசையை அவர்கள் முதுகால்தான் வாங்குகிறார்கள். அதையே குழந்தைக்குச் செய்தால் என்ன என்று யோசித்து, 1964-ல் வால்வோ காரில் முதல் மாதிரியைச் சோதித்தார்கள். ஸ்வீடன்காரர்கள் இன்றைக்கும் நான்கு வயது வரை பிள்ளைகளைப் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வைக்கிறார்கள். வீட்டில் சிரிப்பவர்களிடம் ராக்கெட்டில் போகிறவனும் இப்படித்தான் போகிறான் என்று சொல்லிவிடுங்கள்.

நாங்கள் மாதம் இரண்டு முறை தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் போகிறோம். அங்கே ஆபத்தே பின்னால் வரும் லாரிதான். பிரேக் பிடிக்காமல் வந்து பின்னால் இடித்தால், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்த குழந்தைக்கு அது நேருக்கு நேர் மோதல் மாதிரி ஆகிவிடாதா?
— வாசகர், நல்லம்பள்ளி

வந்ததிலேயே நல்ல கேள்வி இது. தொப்பூர் இறக்கத்தில் ஓட்டிப் பழகியவர்தான் இப்படிக் கேட்க முடியும்.

சாதாரணமாகப் பின்னால் விழும் இடியில் இரண்டு வண்டியும் ஒரே திசையில் போகின்றன. நீங்கள் 50, லாரி 70 என்றால் மோதலில் இருப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 20 மட்டும். ஆனால் நீங்கள் 70-ல் போய் நின்றிருக்கும் லாரியில் மோதினால் அந்த 70-ம் ஒரு நொடிக்குள் போயாக வேண்டும். அதனால்தான் உயிர் போகும் விபத்துகளில் முன்பக்க மோதல் பின்பக்க மோதலை விட அதிகம், சீட்டையும் முதலில் அதற்காகவே செய்கிறார்கள்.

பின்னால் இடிக்கும்போது சீட் சும்மா இருப்பதும் இல்லை. கார் முன்னால் தள்ளப்பட்டதும் குழந்தை சீட் மொத்தமாகக் காரின் சாய்வுப் பக்கம் எழும்பிச் சாயும், குழந்தையும் ஓட்டோடு சேர்ந்தே நகரும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2018-ல் இதையே தனியாகச் சோதித்தார்கள். பின்பக்க இடியிலும் இந்தச் சீட்டுகள் தலையையும் கழுத்தையும் தாங்குகின்றன என்பதுதான் அவர்கள் கண்டது.

இப்போது தொப்பூருக்கு வருவோம். அங்கே கீழே வண்டிகள் தேங்கி நிற்கும், மேலிருந்து பிரேக் போன லாரி வரும், உங்கள் வித்தியாசக் கணக்கு 20 இல்லை. அப்படி ஒரு லோடு லாரி ஏறினால் எந்தச் சீட்டும் உத்தரவாதம் தராது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், பின்னால் இடி வாங்கிய கார் அங்கேயே நிற்பதில்லை. நேராகப் போய் முன்னால் நிற்கும் வண்டியில் முட்டும். அந்த இரண்டாவது அடி முன்பக்க அடி, அதற்குப் பின்பக்கம் பார்த்த சீட்டை விட நல்லது எதுவும் இல்லை.

மூன்று வரிசை வண்டி வைத்திருந்தால் குழந்தையைக் கடைசி வரிசையில் வைக்காதீர்கள், அதற்குப் பின்னால் இருப்பது டிக்கிக் கதவு மட்டும். நடு வரிசை போதும். இறக்கத்தில் கியரைக் குறைத்து, முன்வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு, பின்னால் என்ன வருகிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். லாரிக்கு முன்னால் போய்ச் செருகி பிரேக் அடிக்கும் பழக்கம் நம் ஆட்களுக்கு நிறைய.

சீட்டில் 9 கிலோ என்று எழுதியிருந்தது. என் பையன் எட்டு மாதத்திலேயே 9 கிலோ தாண்டிவிட்டான், முன்பக்கம் திருப்பிவிட்டோம். சரிதானே?
— வாசகி, ஓசூர்

சரியில்லை. இன்றைக்கே திரும்ப மாற்றிவிடுங்கள். அந்த 9 கிலோவால் பல வீடுகளில் இதே குழப்பம் நடக்கிறது. ஆர் 44 என்ற பழைய ஐரோப்பிய விதி எடையை மட்டும் பார்த்தது, 9 கிலோ ஆனால் முன்பக்கம் திருப்ப அனுமதி உண்டு என்று சொன்னது. அனுமதி உண்டு என்றால் திருப்பியே ஆகவேண்டும் என்று அர்த்தம் இல்லை. எட்டு மாதப் பையன் கொழுகொழு என்று இருந்தாலும் கழுத்து எலும்புக்கு எட்டு மாத வயதுதான். இந்த ஓட்டையை அடைக்கத்தான் பின்னால் வந்த ஆர் 129 விதியில், 15 மாதம் முடியும் வரை முன்பக்கம் திருப்பவே கூடாது என்று வைத்தார்கள். அதுவும் குறைந்தபட்சம். சீட்டில் பின்பக்கம் பார்க்க எத்தனை கிலோ வரை என்று எழுதியிருக்கும், சிலவற்றில் 13, சிலவற்றில் 18. அந்த எடையையோ உயரத்தையோ தாண்டும் வரை அப்படியே விடுங்கள்.

இரண்டு வயதுப் பெண்ணுக்குக் கால் மடங்கி இருக்கிறது. வலிக்காதா? மோதினால் கால் உடையாதா?
— வாசகி, ஊத்தங்கரை

வீட்டில் அவள் எப்படி உட்கார்ந்து விளையாடுகிறாள் என்று பாருங்கள். சம்மணம் போட்டு, முட்டி மடக்கி, காலைத் தூக்கிச் சுவரில் வைத்து. நமக்குத்தான் அது வலி. மோதலில் காலில் அடிபடுவது முன்பக்கம் பார்த்த பிள்ளைகளுக்கே அதிகம், கால் பறந்து முன்சீட்டின் முதுகில் அடிக்கும். அப்படியே ஒன்று நடந்தாலும் காலுக்குக் கட்டுப் போடலாம்.

பின்பக்கம் பார்த்த சீட் ஐந்து மடங்கு பாதுகாப்பு என்று இணையத்தில் போட்டிருக்கிறார்களே, உண்மையா?
— வாசகர், கிருஷ்ணகிரி

அந்த ஐந்து மடங்கை நீங்கள் இனிமேல் யாரிடமும் சொல்ல வேண்டாம். 2007-ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வின் எண் அது. பிறகு கணக்கில் பிழை என்று தெரிந்து, 2018-ல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மறுபடி கணக்கிட்டபோது, அங்கே இரண்டு வயதுக்குள் சீட்டில் இருந்து பலத்த அடிபட்ட குழந்தைகளே மிகக் குறைவாக இருந்ததால், எது எத்தனை மடங்கு என்று அந்தப் புள்ளிவிவரத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியவில்லை. சீட்டில் இருந்த பிள்ளைகள் அவ்வளவு குறைவாக அடிபட்டிருக்கிறார்கள், அது நல்ல செய்திதானே.

அப்படியானால் எல்லாம் கதையா என்றால், இல்லை. மோதல் சோதனைகளில் பொம்மையின் கழுத்தில் விழும் இழுப்பை அளக்கிறார்கள், ஸ்வீடனின் நீண்ட அனுபவம் இருக்கிறது, எலும்பு வளர்ச்சியும் நமக்குத் தெரியும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011-ல் 'இரண்டு வயது வரை' என்று சொன்னது. 2018-ல் அந்த வயதை எடுத்துவிட்டு 'சீட் அனுமதிக்கும் எடை, உயரம் வரும் வரை' என்று மாற்றியது. மடங்குக் கணக்கு போனபிறகும் அறிவுரை பின்வாங்கவில்லை.

எங்கள் கார் 5 ஸ்டார் வாங்கியது, குழந்தைப் பாதுகாப்புக்கும் சேர்த்து. அதற்கு மேல் சீட் வேறு எதற்கு?
— வாசகர், அரூர்

அந்த ஸ்டார் எப்படி வந்தது என்று ஷோரூமில் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் நாட்டில் கார்களை மோதவிட்டு ஸ்டார் தரும், 2023 அக்டோபரிலிருந்து நடக்கும் பாரத் என்கேப் சோதனையில் ஒன்றரை வயது, மூன்று வயது அளவுள்ள இரண்டு பொம்மைகளைக் குழந்தை சீட்டில் உட்காரவைத்துக் கட்டித்தான் காரை மோதவிடுகிறார்கள். மடியில் வைத்து அல்ல. சீட் இல்லாத உங்கள் குழந்தைக்கு அந்த ஸ்டாரில் ஒன்றுகூடச் சேராது.

முன்சீட்டில் என் பக்கத்திலேயே மாட்டிக்கொள்ளலாமா? தனியாக ஓட்டும்போது கண்ணெதிரே இருப்பான்.
— வாசகி, ஓசூர்

கூடாது. பின்பக்கம் பார்த்த சீட்டின் முதுகு டாஷ்போர்டுக்கு மிக அருகில் இருக்கும். ஏர்பேக் கண் இமைப்பதற்குள் வெடித்து விரிந்து, நேராகக் குழந்தையின் தலை சாய்ந்திருக்கும் பிளாஸ்டிக் ஓட்டைத் தாக்கும். நம் ஊரில் வந்த நிறையக் கார்களில் அந்த ஏர்பேக்கை அணைக்க வழியும் இல்லை. பின்சீட்டில், நடுவில் மூன்று முனை பெல்ட் இருந்து சீட் சரியாக உட்கார்ந்தால் நடுவில். இல்லை என்றால் இடதுபக்கம், இறக்கி ஏற்றும்போது ரோட்டுப் பக்கம் நிற்க வேண்டியிருக்காது.

பெங்களூரில் இருக்கும் நாத்தனார் பழைய சீட் தருகிறார். வாங்கலாமா? மாட்டினால் ஆடுகிறது என்றும் சொல்கிறார்.
— வாசகி, காரிமங்கலம்

நாத்தனார் என்பதால் ஒரு வசதி, அந்தக் கார் மோதியிருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம். மோதியிருந்தால் வேண்டாம், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே ஓடு விரிந்திருக்கும். முன்பின் தெரியாதவரிடம் இணையத்தில் வாங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்புறம் சீட்டைக் கவிழ்த்துப் பாருங்கள், பிளாஸ்டிக்கிலேயே செய்த வருடமும் பலவற்றில் எத்தனை வருடம் வரை என்பதும் பதித்திருக்கும். வெயிலில் நிற்கும் காரில் பிளாஸ்டிக் சும்மா இருக்காது. இந்தியத் தரமான ஏஐஎஸ் 072 அல்லது வட்டத்துக்குள் ஆங்கில 'இ' போட்ட ஆரஞ்சு நிற லேபிள், ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

ஆடுவதற்குப் பெரும்பாலும் சீட் காரணம் இல்லை. பெல்ட்டைச் சீட்டில் குறித்த வழியில், பின்பக்கம் பார்ப்பதற்குப் பெரும்பாலும் நீல நிறத்தில் காட்டியிருக்கும், கோர்த்து பக்கிளைப் போடுங்கள். ஒரு கையால் சீட்டைக் காரின் மெத்தைக்குள் உடம்பு எடை கொடுத்து அழுத்திக்கொண்டே மறுகையால் தோள் பெல்ட்டை இழுங்கள். மெத்தை அமுங்கும்போது இரண்டு மூன்று அங்குலம் பெல்ட் உள்ளே போகும், அதுதான் நீங்கள் விட்டிருந்த தளர்ச்சி. பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. தலைப்பக்கம் பிடித்து ஆட்டாதீர்கள், அங்கே கொஞ்சம் ஆடத்தான் செய்யும். பெல்ட் இல்லாமலே சீட்டைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருந்தால் வேலை சுலபம், இல்லாவிட்டாலும் பெல்ட்டில் ஒழுங்காக மாட்டியது அதே அளவுக்கு நல்லதுதான்.

குழந்தைக்கான பட்டை, பின்பக்கம் பார்க்கும்போது தோளுக்குச் சமமாக அல்லது சற்றுக் கீழே இருந்து வரவேண்டும். இறுக்கிய பிறகு தோள் அருகே பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விழுந்தால் இன்னும் தளர்வு.

எங்களிடம் கார் இல்லை. டூவீலர்தான், மொட்டைக்கும் காது குத்துக்கும் வாடகை வண்டி. கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் எழுதுவீர்களா?
— வாசகர், பென்னாகரம்

கோபம் நியாயம். வாடகை வண்டியில் பெல்ட் இருந்தால் போதும், கடன் வாங்கிய சீட்டானாலும் மாட்டலாம். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏறும் இடத்தில் நின்று மாட்டினால் அவர் பொறுமை போய்விடும். தீர்த்தமலை போகும் சொந்தக்காரர்கள் வேனில் பன்னிரண்டு பேர் ஏறினால் சீட்டுக்கே இடம் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். அப்போது குறைந்தது முன்சீட்டை விட்டு நடு வரிசைக்கு வாருங்கள், பெரியவர்கள் பெல்ட் போடுங்கள், ஓட்டுநரை மெதுவாகப் போகச் சொல்லுங்கள். இது சீட்டுக்கு ஈடு இல்லை.

டூவீலருக்கு 2022-ல் கொண்டுவந்த மத்திய விதி இருக்கிறது: நான்கு வயதுக்குள் உள்ள பிள்ளையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை, ஒன்பது மாதம் தாண்டிய பிள்ளைக்கு அளவான ஹெல்மெட், வேகம் 40-க்குள். பெட்ரோல் டேங்க் மேல் நிற்கவைத்துக் கூட்டிப்போவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சீட்டில் வைத்ததும் ஊரே கூடும்படி அழுகிறாள். வெயிலில் பக்கிள் சுடுகிறது. குளிர் காலத்தில் ஸ்வெட்டர் போட்டுக் கட்டலாமா? மூன்றுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.
— வாசகி, தேன்கனிக்கோட்டை

அழுதால் பெரியவர் ஒருவர் பின்சீட்டில் பக்கத்தில் உட்காரட்டும். ஆயா வந்தால் இன்னும் நல்லது, பேசிக்கொண்டே வருவார், அவள் முகம் அவருக்குத் தெரியும். அழுகிறாள் என்று ஓடும் வண்டியில் எடுத்து மடியில் வைக்காதீர்கள். ஒருமுறை எடுத்துவிட்டால் அடுத்தமுறை அழுகையின் அளவு கூடும், அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. நிறுத்தி எடுங்கள், பால் கொடுங்கள், மறுபடி கட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படியும் இறக்கவேண்டும், பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு அரை மணி நேரமே அதிகம். அந்த வயதில் தாடை நெஞ்சில் இடிக்காத அளவுக்குச் சீட் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், தலை முன்னால் தொங்கினால் மூச்சு அடைபடும்.

வெயிலுக்கு, இறங்கும்போதே சீட்டின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுவிட்டுப் போங்கள், ஏறும்போது பக்கிளை உங்கள் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஐந்து நிமிஷம்தானே என்று அவளைக் காரில் விட்டுக் கடைக்குப் போகாதீர்கள், ஜன்னலை இறக்கி வைத்தாலும்கூட.

ஸ்வெட்டர் மெல்லியது என்றால் பரவாயில்லை. பஞ்சு வைத்த தடிமன் ஜாக்கெட் மேல் பட்டையை இறுக்கினால் இறுகிய மாதிரி தோன்றும், மோதலில் பஞ்சு அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி, கட்டி, மேலே போர்வையைப் போர்த்துங்கள்.